கோல்டிங் வகுப்பறையில் ஒரு ஜனாதிபதி

ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கொப்பன்ஹேகனில் ஏறி ஜன்னலோரம் இடம்பிடித்து, கடலுக்கு மேலே போய்க்கொண்டே இருந்த பாலத்தை வாய் பிளந்து பார்த்தபடி இருந்தேன். டேனிஷில் ஏதோ அறிவித்தார்கள். சிலர் பைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார்கள். எனக்கென்ன தெரியும்? பிரெடரிசியா என்ற ஊரில் பின்பாதிப் பெட்டிகளைக் கழற்றிக் கோல்டிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். முன்பாதியில் இருந்த நான் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

எதிர் இருக்கையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த பெண்மணி, நான் எங்கே போகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். பின்னலை மடியில் வைத்துவிட்டு, "உங்கள் ரயில் உங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது, பாவம்" என்றார்.

டிக்கெட் பார்க்க வந்தவர் என் கையிலிருந்த தாளைப் படித்தார். தண்டம் விதிக்கப்போகிறார் என்று கைப்பையைத் திறந்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அறிவித்தலை ஆங்கிலத்திலும் சொல்லியிருக்க வேண்டுமாம். அடுத்த நிலையத்தில் இறங்கி எந்த மேடையில் நின்று திரும்ப வேண்டும் என்று தாளின் பின்பக்கம் எழுதித் தந்தார். பிறகு தன் கைத்தொலைபேசியிலேயே என் தம்பியை அழைத்து, அக்கா பிந்தி வருவார், பயப்பட வேண்டாம் என்று சொன்னார்.

மட்டக்களப்பில் அரச வைத்தியசாலையொன்றில் மருந்தாளராக வேலை செய்கிறேன். அரச உத்தியோகத்தர் போல ஒருவர் சனத்திடம் மன்னிப்புக் கேட்டதை என் சேவைக்காலத்தில் கண்டதில்லை.

கோல்டிங் நிலையத்தில் தம்பி சீலன் நின்றான். அவனைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். நெஞ்சு வலி வந்து, இரத்தக் குழாயில் சிறு வளையம் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை, இப்போது மருத்துவ லீவு. மெலிந்திருந்தான், ஆனால் நடை பழைய நடைதான்.

கார்க் கதவைச் சாத்த முன்னமே கேட்டான். "அக்கா, புதுசா வந்தவர் எப்பிடி? ஏதும் செய்வாரோ?"

எங்கள் புதிய ஜனாதிபதியைத்தான் கேட்டான். நாடு முறிந்து, எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் சனம் நாள்கணக்காய் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு வந்தவர். விமானத்தில் பக்கத்திலிருந்தவர் கேட்டார். கொப்பன்ஹேகனில் என்னை ரயிலேற்றிவிட்ட, பக்கத்தில் புரொண்பியில் இருக்கும் உறவினர் கேட்டார். இப்போது இவன்.

"முதல்ல உன்ர நெஞ்சு எப்பிடி எண்டு சொல்லு" என்றேன்.

"நெஞ்சு சரி. நீங்க கதையை மாத்தாதேங்க."

மறுநாள் அவனுடைய மருந்துகள் எடுக்க ஊர் நடுவில் இருந்த மருந்துக்கடைக்குப் போனோம். வாசலில் இலக்கச் சீட்டு. உட்காரக் கதிரைகள். யாரும் யாரையும் தள்ளவில்லை. எங்கள் இலக்கம் வந்ததும் ஒரு பெண் சீலனின் அட்டையைத் தேய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மருந்து எடுக்க உள்ளே போகவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. அந்த நேரம் சுவரிலிருந்த ஒரு சறுக்குத் தகடு வழியாக மருந்துப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் விழுந்தன.

நான் நகரவில்லை. இதே தொழில் செய்கிறவள் என்று சீலன் சொன்னதும், அந்தப் பெண் என்னைப் பக்கத்திலிருந்த ஒரு கண்ணாடி ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நீண்ட அறை. தரையிலிருந்து கூரை வரை தட்டுகள். எல்லாத் தட்டுகளும் நிறைந்திருந்தன. ஓர் இயந்திரக் கை தண்டவாளத்தில் ஓடி, வேண்டிய பெட்டியை மட்டும் உறிஞ்சி எடுத்துப் போனது. அந்தப் பெண் இயந்திரத்தைப் பற்றிப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது தட்டுகளை. நெருக்கடிக் காலத்தில் எங்கள் களஞ்சியத்தில் தட்டுகளைத் துடைத்து வைப்பதுதான் காலையில் எனக்கிருந்த வேலை. வைக்க ஒன்றுமில்லாத தட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குச் சீலனின் மனைவி ரஜனி கொட் மீனில் புளிக்குழம்பு வைத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை முடித்து வந்து, சீருடை மாற்ற முன்னமே அடுப்பை மூட்டியிருந்தாள். கொட் வெள்ளையான, நல்ல பிள்ளை போன்ற மீன். புளியையும் மிளகாயையும் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் சூரை மீனின் முரட்டுத்தனம் அதற்கு இல்லை. சீலனுக்குச் சோறு குறைக்கச் சொல்லியிருந்தபடியால் கறுத்தப் பாண். கம்பு போன்ற ஒரு தானியத்தில் செய்தது, செங்கல் கனம், மெல்லிய புளிப்பு. டேனிஷ்காரர் அதன்மேல் வெண்ணெய் பூசி மீனோ ஈரல் விழுதோ வைத்துக் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் சாப்பிடுவார்கள். சீலன் அதன்மேல் சம்பலைப் பரப்பிக் கையால் சாப்பிட்டான்.

அவர்களுடைய ஒரே மகள் மிரியம் உயர்தரம் படிக்கிறாள். தமிழ் விளங்கும். பதில் மட்டும் டேனிஷில் வரும். என்னோடு கதைக்கும்போது மட்டும் தமிழைத் தேடித் தேடி எடுத்தாள்.

"மாமி, நான் நாளைக்கு ஜனாதிபதி."

சமூகவியல் பாடத்தில் ஒரு விளையாட்டாம். கையில் டொலர் இல்லாமல் முறிந்துபோன ஒரு தீவு. மாணவர்கள் குழு குழுவாக விவசாயிகள், வைத்தியசாலை, பஸ்காரர், ஆடைத் தொழிற்சாலை, வெளிநாட்டுக் கடன்காரர் என்று பிரிந்து இருப்பார்கள். ஜனாதிபதி எல்லோரையும் சமாளிக்க வேண்டும். மூன்று சுற்று. இரண்டாம் சுற்று முடிய வாக்கெடுப்பு. தோற்றால் எதிர்க்கட்சித் தலைவர் மூன்றாம் சுற்றை நடத்துவார். மிரியம் பெயர் கொடுக்கவில்லை. இலங்கைப் பிள்ளை என்பதால் வகுப்பே அவளைத் தெரிவுசெய்ததாம்.

சீலன் பாணைக் கீழே வைத்தான். "முதல் வேலை, களவெடுத்த காசையெல்லாம் திருப்பி எடு. அது போதும், நாடு நிமிரும்."

"முதல் சமைக்கக் காஸ் குடுக்கோணும்" என்றாள் ரஜனி. "சனம் விறகுக்கு அலையுது, நீங்க வழக்கெண்டு கோட்டுக்குப் போகச் சொல்லுறீங்க."

"நீ சும்மா இரு. நான் எழுதித் தாறன் மகள், நீ டேனிஷில வாசி."

மிரியம் என்னைப் பார்த்தாள். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்றவர்களுக்கும் வரிசைக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கும் ஜனாதிபதி என்பவர் தொலைக்காட்சியில் வருகிற ஒரு குரல், அவ்வளவுதான்.

"நீங்களும் வாறீங்களா மாமி? ஆசிரியரிட்ட கேட்டன். வரலாமாம்."

பள்ளிக்கூடத்தில் வாயிற்காவலர் இல்லை. சீருடை இல்லை. பிள்ளைகள் கோப்பிக் கோப்பையோடு வகுப்புக்குள் வந்தார்கள். ஆசிரியரை ஹென்ரிக் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் மேசையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் இப்படி ஒரு வகுப்பை அதிபர் கண்டால் அன்றைக்கே கூட்டம் வைப்பார். விளையாட்டுத் தொடங்கியதும் ஹென்ரிக் பின்வரிசையில் என் பக்கத்தில் வந்திருந்து, நடப்பதைக் காதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தன் பிள்ளைகளின் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளை அவர் கொண்டுவந்திருந்தார். அவைதான் டொலர். எல்லாக் குழுக்களுக்கும் வேண்டியதைக் கூட்டினால் ஒரு பெரிய குவியல் வரும். மிரியத்துக்கு முன்னால் இருந்தது ஒரு கைப்பிடி.

மிரியம் எழுந்து தகப்பன் எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். கள்வரைப் பிடிப்பேன், காசைத் திருப்பி எடுப்பேன். கைதட்டல். ஹென்ரிக் போய் ஓர் அட்டையை அவள் முன்னால் வைத்துவிட்டு வந்தார். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பு உன் பதவிக்காலத்துக்குள் வராது. அதுதான் அட்டையில் இருந்தது. அவள் முகம் விழுந்தது. பிறகு ஒவ்வொரு குழுவும் வந்து கேட்கக் கேட்க, இல்லையென்று சொல்ல மனமில்லாமல் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தாள். பாதி எரிபொருளோடு லொறிகள் நடுவழியில் நின்றன. பாதி உரத்தோடு வயல் பாதி விளைந்தது. அதைச் சந்தைக்குக் கொண்டுவர லொறி இல்லை. எல்லோரும் அவளைத் திட்டினார்கள்.

வைத்தியசாலைக் குழுவுக்காக எழும்பிய பையன் தாளைப் பார்த்து, "எங்களிடம் கொஞ்சப் பேர் செத்துப்போனார்கள். பரவாயில்லை, அடுத்த குழு" என்றான். வகுப்பு சிரித்தது. கெட்ட பிள்ளை அல்லன். விளையாட்டு, சிரித்தான். ஆனால் ஹென்ரிக் அதை எனக்கு மொழிபெயர்த்தபோது என் முகம் எப்படிப் போனதோ, அவர் பாதியில் நிறுத்திவிட்டார். இடைவேளைக்கு முன்னால் மெதுவாகக் கேட்டார்: விரும்பினால் மட்டும், உங்கள் வைத்தியசாலையைப் பற்றி இவர்களுக்குச் சொல்வீர்களா?

முன்னால் போய் நின்றேன். பயிற்சிக் காலத்தில் படித்த ஆங்கிலம் மருந்துப் பெயர்களுக்குத்தான் உதவும். தமிழில் சொன்னேன். மிரியம் பக்கத்தில் நின்று டேனிஷாக்கினாள்.

வாகரைப் பக்கம் கடற்றொழில் செய்யும் ஒருவர் மனைவிக்கு இன்சுலின் எடுக்க வருவார். நீரிழிவுக்காரி. இன்சுலின் வெயிலில் கெட்டுவிடும் என்பதற்காக ஒரு சுடுநீர்ப் பிளாஸ்க் போத்தலில் ஐஸ் கட்டி நிரப்பிக்கொண்டு வருவார். மண்ணெண்ணெய் இல்லாமல் அவருடைய வள்ளம் கரையில் கிடந்த காலம். கடன்பட்டு ஐஸ் வாங்கி, பஸ் கிடைத்தால் பஸ், இல்லையென்றால் யாருடையதாவது சைக்கிள். வருவார், நான் இல்லை என்பேன். "பரவாயில்லை மிஸ், எப்ப வரும்?" என்று கேட்பார். தெரியாது என்பேன். எனக்குத் தெரியாது, எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியாது. போத்தலைத் திறந்து உருகிய தண்ணீரை வாசல் வாழைக்கு ஊற்றிவிட்டுப் போவார். அடுத்த கிழமை புது ஐஸோடு வருவார்.

"அதுக்குப் பிறகு அவர் வாறேல்ல" என்றேன். "கொஞ்ச நாளில மருந்து வந்தது. அவர் தந்த நம்பருக்கு எடுத்தன். மகன்தான் கதைச்சான். அம்மா போயிற்றா எண்டான்."

அந்தக் கடைசி வசனத்தை மிரியம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சிரித்த பையன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடன்காரர் குழுவில் இருந்த பிரேயா கை உயர்த்தினாள். மிரியத்தின் நெருங்கிய தோழி, பொன்னிறத் தலைமயிர், கூர்மையான பார்வை. "அந்த நேரம் ஜனாதிபதி உங்களுக்கு என்ன செய்திருக்க வேண்டும்?"

மருந்து என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் டொலர் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கதிரையில் யார் இருந்திருந்தாலும் அந்த மாதம் அதை அச்சடித்திருக்க முடியாது. அத்தனை பிள்ளைகளும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒருவரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை.

"ஒரு திகதி" என்றேன். "உண்மையான திகதி. தூரத்தில எண்டாலும் பரவாயில்லை. இன்ன நாள் வரும் எண்டு தெரிஞ்சிருந்தா, அந்த மனிசனை அலைக்காமல், வேற ஊரில எங்க இருக்கெண்டு தேடிப் போகச் சொல்லியிருப்பன். ஐஸுக்குக் குடுத்த காசு பஸ்ஸுக்கு உதவியிருக்கும்."

இடைவேளையில் வைத்தியசாலைப் பையன் ஒரு கோப்பி கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் சுற்றில் மிரியம் தகப்பனின் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். மிச்சமிருந்த கட்டைகளையும் அந்தச் சுற்றுக்கு வந்த கட்டைகளையும் எல்லோரும் காண நடுமேசையில் கொட்டினாள். "இவ்வளவுதான் இருக்கிறது" என்றாள். பிறகு வெள்ளைப் பலகையில் குழுக்களின் தேவைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு திகதி போட்டாள். மருந்துக்கு முதல் திகதி, அதுவும் முழுதாக. பிறகு பஸ்ஸுக்கும் அறுவடை லொறிக்கும், கொஞ்சம் சொந்தக் கார்களுக்கும் எரிபொருள். பிறகு பால்மா. ஆடைத் தொழிற்சாலைக்கு நூல். கடைசியில் விவசாயிகளுக்கு உரம், அடுத்த போகத்துக்கு.

விவசாயிகள் மேசையைத் தட்டினார்கள். அவள் சத்தம் ஓயும்வரை நின்றாள்.

"உங்களுக்குத்தான் கடைசி. இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தத் திகதி பொய் இல்லை."

கடன்காரரிடம் போய் அவள் கடனைத் தள்ளச் சொல்லிக் கேட்கவில்லை. தவணையைப் பின்போடக் கேட்டாள். பிரேயா தோழி என்று பார்க்கவில்லை. முடியாது என்றாள். திரும்பக் கேட்டபோதும் முடியாது என்றாள்.

"சரி" என்றாள் மிரியம். "இன்றைக்கு மறுத்தீர்கள் என்று திகதியோடு பலகையில் எழுதுகிறேன்."

பேனாவைத் திறந்துகொண்டு பலகைப் பக்கம் நடந்தாள். பிரேயா தன் குழுவோடு குசுகுசுத்துவிட்டு, பாதித் தவணைக்கு அவகாசம் தந்தாள். கேட்டதில் பாதி. மிரியம் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள்.

சுற்று முடியும் தறுவாயில் ஹென்ரிக் இன்னோர் அட்டை வைத்தார். புயல், பால்மாக் கப்பல் பிந்துகிறது. ஒருவரும் கேட்கமுன் மிரியம் எழும்பிப் போய்ப் பலகையில் பழைய திகதியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அழிக்கவில்லை. பக்கத்தில் புதுத் திகதியும் காரணமும் எழுதினாள். உலகம் தெரியாத பதினேழு வயதுப் பிள்ளை. இவ்வளவு காலத்தில் எங்களுக்கு வந்த எந்தச் சுற்றறிக்கையிலும் அப்படி ஒரு கோட்டை நான் கண்டதில்லை.

வாக்கெடுத்தார்கள். அவள் தோற்றாள், மயிரிழையில். விவசாயிகள் ஒருவர்கூட அவளுக்குப் போடவில்லை. ஆடைத் தொழிற்சாலையும் போடவில்லை. அவள் கதிரையை விட்டு எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள். அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

எதிர்க்கட்சித் தலைவன் ஒஸ்கார். உயரமானவன். இரண்டு சுற்றிலும் மிரியத்தை நையாண்டி செய்து விவசாயிகளின் வாக்கைச் சேர்த்தவன். நேரே பலகைக்குப் போய் அழிப்பானைக் கையில் எடுத்தான். விவசாயிகள் கைதட்டினார்கள். அவன் பலகையை மேலிருந்து கீழாக வாசித்தான். திரும்ப வாசித்தான். கைதட்டல் தானாக ஓய்ந்தது.

பிறகு அழிப்பானை மேசையில் வைத்தான். தன் பக்கத்து ஆட்களைப் பார்த்துச் சொன்னதை ஹென்ரிக் எனக்குச் சொன்னார்: "இதை அழித்தால் நான் எழுதப்போவதையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்."

ஒரே ஒரு திகதியை மாற்றினான். சொந்தக் கார்களுக்கான எரிபொருளை வெட்டி, உரத்தின் திகதியை முன்னுக்குக் கொண்டுவந்தான். மாற்றமுன் மிரியத்தைத் திரும்பிப் பார்த்து, அந்தத் திகதியை எந்தக் கணக்கில் போட்டாய் என்று கேட்டான். அவள் இருந்த இடத்திலிருந்தே விளக்கினாள். மற்ற வரிகளெல்லாம் அவளுடைய கையெழுத்தில் அப்படியே நின்றன. மருந்துக் கப்பல் அவள் எழுதிய திகதியில் வந்தது.

ஹென்ரிக் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். எனக்கும் தேவைப்படவில்லை. அந்த நாட்டில் நான் கடல்மேல் ரயில் ஓடக் கண்டேன், சுவருக்குள்ளிருந்து மருந்து வரக் கண்டேன். அழிப்பானைக் கீழே வைத்த அந்தப் பையனைப் பார்த்து நின்றதுபோல வேறெதைப் பார்த்தும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது சீலன் வாசலில் நின்றான். "வெண்டியா?"

"இல்லை அப்பா."

அவன் முகம் சின்னப்பிள்ளை முகம்போல வாடியது. "நான் எழுதினதை வாசிச்சியா?"

"வாசிச்சன். வழக்குக் கோட்டில நிக்குது."

ரஜனி சிரித்துவிட்டாள். தேநீர் ஊற்றிக்கொண்டு நான்கு பேரும் குசினி மேசையில் இருந்தோம். மிரியம் நடந்ததை டேனிஷில் தொடக்கத்திலிருந்து சொன்னாள். சீலன் இடையிடையே கேள்வி கேட்டான். பிறகு கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒஸ்கார் என்ற பெயர் வந்தபோது அவன் கோப்பையை வைத்துவிட்டான் என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டான். "எங்கட ஆளும் அப்பிடி எழுதிப் போடுவாரோ அக்கா?"

"எனக்குத் தெரியாதுடா. போட்டா நான் நம்புவன்."

"போட்டா அடுத்த முறை தோப்பார்" என்றாள் ரஜனி.

"தோக்கட்டும்" என்றாள் மிரியம் தமிழில். அதற்குமேல் தமிழ் கிடைக்காமல் தாயைப் பார்த்து டேனிஷில் ஏதோ சொன்னாள்.

ரஜனி எனக்குச் சொன்னாள். "அடுத்து வாற ஆள் அதை அழிக்காட்டிப் போதுமாம்."